முன் சக்கர பேரிங்: சுத்தியலை எடுப்பதற்கு முன்

என்னுடையது டிஎன் 23 (வேலூர்) நம்பர் போட்ட பழைய 100 சிசி வண்டி. 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்த நாட்களில், ரோட்டில் தேங்கிய தண்ணீரில் ஆக்சில் முழுக ஓட்டினேன். பொங்கலுக்குள் முன் சக்கரத்தில் அரைக்கிற சத்தம். நானே பேரிங் மாற்றினேன்; இரண்டு வளையங்களுக்கு நடுவில் குண்டுகள் உருளும் அமைப்புதான் பேரிங். இரண்டே மாதத்தில் புதுசும் அரைக்க ஆரம்பித்தது. கெடுத்தது என் சுத்தியல்தான்.

அதற்கு முன்னால் ஒன்று. ஹேண்டில் கடகடத்தால் பலரும் நேராக பேரிங் வாங்கப் போய்விடுகிறார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற கழுத்தில் இருக்கும் குண்டு செட். ஃபோர்க் அசையாமல் சக்கரம் மட்டும் பக்கவாட்டில் ஆடினால்தான் பேரிங். சக்கரத்தைக் கழற்றிய பிறகு உள் வளையத்தில் விரலை விட்டுச் சுற்றுங்கள்; நெறுநெறுவென்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இனி சுத்தியல். பேரிங்கின் வெளி வளையம்தான் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக் குடத்தில், இறுகி உட்காருகிறது. நான் உளியை உள் வளையத்தில் வைத்துத் தட்டினேன். அந்த அடி முழுக்க குண்டுகள் வழியாகத்தான் வெளி வளையத்துக்குப் போகும். குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். வெளி வளையத்தில் மட்டும் படுகிற அளவில் ஒரு ஸ்பேனர் சாக்கெட்டையோ, பழைய பேரிங்கையோ வைத்து நேராகத் தட்ட வேண்டும். கழற்றும்போது உள் வளையத்தில் அடிப்பதைத் தவிர வழியில்லை. அதனால்தான் கழற்றிய பேரிங்கைத் திரும்பப் போடக் கூடாது என்கிறோம். நம் ஊர் வெயில் இங்கே உதவிக்கு வரும். சித்திரை மதியத்தில் சக்கரத்தை மாடியில் போட்டுவிட்டு, பேரிங்கைப் பாலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அடிக்க வேண்டியது பாதியாகக் குறையும்.

இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் ஒரு குழாய் இருக்கும், ஸ்பேசர். அதை மறந்துவிட்டு ஆக்சில் நட்டை முறுக்கினால், உள் வளையங்கள் இரண்டும் உள்நோக்கி இழுபட்டுச் சீக்கிரமே சூடேறிச் சாகும். ஸ்பேசர் இருந்தும் இதே கதி வரலாம். முதல் பேரிங்கை அடி வரை இறக்கி, ஸ்பேசரை வைத்து, இரண்டாவதை அதன் உள் வளையம் ஸ்பேசரைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஒரு அடி போட்டாலும் பேரிங் இறுகிவிடும்.

கடையில் ‘இந்த வண்டிக்குக் கொடுங்க’ என்று கேட்காமல் பழையதன் நம்பரைக் காட்டுங்கள். 6201, 6301 இரண்டுக்குமே துளை 12 மில்லிதான். வெளிவட்டம் 32, 37 என்று மாறும். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், ஆயில் சீலும் புதுசு போடுங்கள். 2ஆர்எஸ் (இரண்டு பக்கமும் ரப்பர் மூடி) என்று போட்டிருந்தால் கிரீஸ் உள்ளேயே இருக்கிறது. ஹப்பில் அள்ளி அப்பினால் அது பிரேக் டிரம்முக்குப் போய் பிரேக்கைக் கெடுக்கும். வாட்டர் சர்வீஸில் ஹப்புக்கு நேராகத் தண்ணீர் பீய்ச்சவும் விடாதீர்கள்.

பேரிங் கையால் தள்ளியே உள்ளே போய்விட்டால் ஹப் தேய்ந்துவிட்டது. சுற்றிலும் பஞ்ச் குத்தி ஒப்பேற்றுவார்கள்; அது சில வாரம் தாங்கும். லேத்தில் கொடுத்து, தேய்ந்த துளைக்குள் புஷ் (உலோக வளையம்) போடுவதுதான் சரி.

திரும்ப மாட்டும்போது பிரேக் பேனலின் (பிரேக் ஷூ மாட்டியிருக்கும் தட்டு) பள்ளம் ஃபோர்க்கில் உள்ள முட்டில் சரியாக உட்கார்ந்ததா என்று இரண்டு முறை பாருங்கள். உட்காராவிட்டால் பிரேக் பிடித்ததும் பேனலே சுற்றி, சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோடு மாதிரி ஓர் இடத்தில் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி, முன் பிரேக்கைத் தொடாமல் நிறுத்தி ஹப்பில் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மறுபடி கழற்ற வேண்டியதுதான்.