190 மீட்டரில் எத்தனை விமானம் நிறுத்தலாம்?

அக்கா மகள் தஞ்சாவூரில் சிவில் படிக்கிறாள். போன மாதம் கும்பகோணம் வந்தவள், "மாமா, டெர்மினல் முகப்பு 190 மீட்டர், மனை ஆழம் 120. எத்தனை விமானம் நிறுத்தலாம்னு வரைஞ்சு காட்டணும்" என்று தாளை நீட்டினாள். நான் வீட்டு பிளான் போடுகிறவன். இரண்டு ராத்திரி போனது.

1. அட்டை வெட்டுங்கள். ஏ3 கிராப் தாள், 1:500 அளவு. ஒரு மீட்டருக்கு 2 மில்லிமீட்டர். விமானங்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். லிப்ரேகேட் (கணினியில் பிளான் வரையும் மென்பொருள்) கடைசியில்தான். திரையில் இடிப்பது கண்ணுக்குத் தப்பும், அட்டை இடித்தால் கைக்குத் தெரியும்.

2. அகலம். ஏ320, போயிங் 737 எல்லாம் 'சி' வகை: இறக்கை, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, 24-லிருந்து 36 மீட்டருக்குள். 190-ஐ 36-ஆல் வகுத்து 5 என்று எழுதிவிடாதீர்கள். இரண்டு இறக்கை முனைகளுக்கு நடுவே 4.5 மீட்டர் விட வேண்டும், ஓரங்களிலும் அப்படியே. நான்கு விமானத்துக்கே 166.5 மீட்டர் போய்விடும். ஐந்தாவது நிற்காது.

3. ஆழம். நான் சறுக்கியது இங்கேதான். சுவருக்கும் மூக்குக்கும் நடுவே, வண்டிகள் ஓட, தள்ளு டிராக்டர் நிற்க 20 மீட்டர் விட்டேன். ஏ320 நீளம் 37.6. வாலிலிருந்து டாக்சி பாதையின் (விமானங்கள் தரையில் ஊர்ந்து போகும் வழி) நடுக்கோட்டுக்கு 22.5. ஆக 80 மீட்டரில் கோடு போட்டு, மையும் தீட்டியாகிவிட்டது. அப்புறம்தான் ஏ321 அட்டையை வைத்தேன். இறக்கை அதே 35.8 மீட்டர், அதே 'சி' எழுத்து. நீளம் மட்டும் 44.5! வால் 7 மீட்டர் வெளியே.

அறுவடை முடிந்ததும் நம் ஊர்ச் சாலையில் வைக்கோல் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்கு இது புரியும். ஓரமாகத்தான் நிறுத்தியிருப்பார்கள், பின்பக்கம் துருத்திக்கொண்டு பாதையை மறிக்கும். எழுத்து இறக்கையைத்தான் சொல்லும், வாலைச் சொல்லாது. வரப்போகிற விமானங்களிலேயே நீளமானதை வைத்து அளந்தால் கோடு 87-இல் விழும். அதற்கு அந்தப்புறமும் 22.5 விட்டால் 109.5. மனைக்குள் அடங்குகிறது.

4. கலந்து அடுக்குங்கள். திருச்சிக்கு ஏடிஆர் 72 என்ற சின்ன புரொப்பல்லர் விமானமும் வருகிறது. அதுவும் 'சி'தான், ஆனால் இறக்கை 27.05 மீட்டர். அதற்கு 36 மீட்டர் இடம் ஒதுக்குவது வீண். மூன்று பெரிய இடம், இரண்டு ஏடிஆர் இடம், நடுவிலும் ஓரத்திலுமாக ஆறு இடைவெளி: 189.1 மீட்டர். ஐந்து நின்றுவிட்டது! ஏடிஆரில் பயணிகள் கதவு பின்பக்கம், படியும் அதிலேயே இருக்கிறது, ஏரோபிரிட்ஜ் வேண்டாம். அதனால் அவை இரண்டும் ஓரத்துக்கு. ஏடிஆர் தானே திரும்பி வெளியேறட்டும் என்று மட்டும் விடாதீர்கள், திரும்பும் வட்டம் பக்கத்து இடத்தைத் தின்றுவிடும். எல்லாமே மூக்கை உள்ளே விட்டு நுழைந்து, பின்னால் தள்ளி வெளியேற வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: "இரண்டு 'சி' இடத்தைச் சேர்த்து ஒரு பெரிய போயிங் 777 நிறுத்தலாமே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பெரிய விமான நிலையங்களில் அப்படிச் செய்கிறார்கள். 777-300ஈஆர் இறக்கை 64.8 மீட்டர், அகலத்துக்குப் பிரச்சினையில்லை. நீளம் 73.9. அட்டையை வைத்ததும் வால் 87 மீட்டர்க் கோட்டையே தாண்டி உட்கார்ந்தது. அந்த அளவு விமானத்துக்கு வாலிலிருந்து நடுக்கோட்டுக்கு 40 மீட்டர் வேண்டும், அதாவது கோடு 133.9-இல். மனை ஆழமே 120. அந்த அட்டையில் அக்கா மகள் இப்போது பால் கணக்கு எழுதுகிறாள்.