கோடைக்காலப் பழ இனிப்பு: எங்கே சொதப்புகிறோம்?

ஒருமுறை அன்னாசிப்பழத்தை நறுக்கி, இனிப்பை உறையவைக்கும் ஜெலட்டினில் போட்டு இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்தால் அப்படியே ரசம் மாதிரி ஆடுகிறது. அளவு குறைந்துவிட்டது என்று நினைத்து, மறுமுறை இரண்டு பங்கு ஜெலட்டின் போட்டேன். அதே கதைதான். சமைக்காத அன்னாசியில் உள்ள புரோமெலைன் என்ற நொதி, புரதமான ஜெலட்டினை வெட்டிப் போட்டுவிடுகிறது. பப்பாளி, கிவியும் இதே ரகம்தான். துண்டுகளைக் கொஞ்சம் சர்க்கரையோடு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறவைத்துச் சேர்த்தால் போதும், நொதி செயலிழந்துவிடும். சமைக்காத அன்னாசியைப் பாலில் கலந்து வைத்தால் கசந்து போவதும் இதே நொதியின் வேலைதான்.

நம் ஊர் வெயிலுக்கு ஜெலட்டினைவிடக் கடல்பாசிதான் (அகர் அகர்) என் கட்சி. ஜெலட்டின் 35 டிகிரியை நெருங்கினாலே இளகும். மே மாத மதியச் சாப்பாட்டு மேசையில் எவ்வளவு நேரம் தாங்கும்? கடல்பாசி உறைய ஃபிரிட்ஜ்கூட வேண்டாம். ஆனால் அதிலும் தவறு செய்ய இடம் இருக்கிறது. லேசாகச் சூடாக்கி "கரைந்துவிட்டது" என்று இறக்கிவிடுகிறோம். அது நன்றாகக் கொதித்தால்தான் முழுதாகக் கரையும். கரண்டியைத் தூக்கிப் பார்த்தால் பின்புறம் கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். நூலோ மணியோ தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள்.

அடுத்தது, கொதித்த கடல்பாசியில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தர்பூசணிச் சாற்றை அப்படியே ஊற்றுவது. 40 டிகிரிக்குக் கீழே போனதும் அது உறையத் தொடங்குவதால், கிண்ணத்துக்குள் நூல் நூலாகத் திரண்டுவிடும். சாற்றை முன்னதாகவே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சை பிழிவதானால் அடுப்பை அணைத்த பிறகு. புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் இறுக்கம் போய்விடும்.

ஃப்ரூட் சாலட்டில் நடப்பது வேறு. பழத்தை நறுக்கிய கையோடு சர்க்கரையைத் தூவினால், அரை மணி நேரத்தில் அடியில் தண்ணீர் தேங்கும். அந்தப் பழத்தைக் கஸ்டர்டில் போட்டால் கஸ்டர்டும் நீர்த்துப் போகும். கஸ்டர்டைத் தனியாகக் குளிரவையுங்கள், பழத்தைப் பரிமாறும் நேரத்தில் கலக்குங்கள். வாழைப்பழம் கடைசி, அதுவும் கருக்காமல் இருக்க ஒரு சொட்டு எலுமிச்சையோடு.

இனிப்பு பார்ப்பதும் குளிர்ந்த பிறகுதான். சூட்டில் சரியாக இருந்தது குளிர்ந்ததும் சப்பென்று தெரியும், ஏனென்றால் குளிரில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் எட்டும். மாம்பழம் நன்றாகப் பழுத்திருந்தால் சர்க்கரையே வேண்டாம். பழுக்காத பழத்தைச் சர்க்கரையால் சமாளிக்கவும் முடியாது.

அப்புறம் நுங்கு. மேல்தோலை உரிக்காமல் பாலில் போட்டால் துவர்ப்பு அதில் இறங்கிவிடும். உரிக்கும்போது உள்ளே இருக்கும் தண்ணீர் கீழே சிந்தாமல், கிண்ணத்துக்கு மேலே பிடித்து உரியுங்கள்.