கால் ஆஃப் கத்துலு: முதல் ஆட்டத்தை நடத்தும் முறை

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கு 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் முன்னோடி என்றாலும், பல ஆண்டுகளாக ஆடிவரும் என் மனம் முதலில் நாடுவது, சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து 1981-இல் கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட திகில் விளையாட்டான கால் ஆஃப் கத்துலுவைத்தான்.

விதி எளிது. ஆடுபவர் ஏற்கும் பாத்திரத்தின் ஒவ்வொரு திறனுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பு உண்டு. இரண்டு பத்துமுகப் பகடைகளை, ஒன்றைப் பத்தாம் இடமாகவும் மற்றதை ஒன்றாம் இடமாகவும் கொண்டு உருட்டி, அந்த மதிப்போ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி. நூலகத்தில் தேடும் திறன் 60 உள்ளவருக்கு 43 விழுந்தால் தேடியது கிடைக்கும். அதில் பாதியான 30-க்குள் விழுந்தால் கடினமான தேடலும் கைகூடும்.

கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்துபவர் ஒன்றை மறக்கவே கூடாது: கதை நகர்வதற்கு இன்றியமையாத தடயத்தைப் பகடையிடம் ஒப்படைக்காதீர்கள். 1920களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் நடக்கும் கதையில், பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மேசை இழுப்பறையில் கடிதம் இருக்கிறதென்றால், இழுப்பறையைத் திறந்தவருக்கு அதைக் கொடுத்துவிட்டு, ஓரத்தில் மங்கிப்போன வரியைப் படிப்பதற்கு மட்டும் உருட்டச் சொல்லுங்கள். அக்கடிதத்தை உண்மையிலேயே தாளில் எழுதி, தேயிலைச் சாற்றில் நனைத்து உலர்த்திக் கையில் கொடுத்தால், ஒருவர் அதை விளக்கருகே பிடித்துப் படிக்கும்போது மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கொடியவற்றைக் காணும்போது பாத்திரங்களின் சித்தத் தெளிவுப் புள்ளிகள் குறையும். ஒரே அதிர்ச்சியில் 5 அல்லது அதற்கு மேல் இழந்தவர் நிலைகுலையக்கூடும் என்பதால், அரக்கனை இறுதிவரை மறைத்தே வையுங்கள். அதுவரை படிக்கட்டில் காணும் ஈரக் காலடித் தடமே போதும்.