உப்புத் தாங்கிக்கு எபொக்சி அடிப்பது எப்படி (முதல் தடவை நான் விட்ட பிழையோடு)

யாழ்ப்பாணத்தில் பண்ணைப் பக்கம், கடற்காற்று நேரே முகத்தில் அடிக்கிற ஒரு வளவில் சவர்க்காரம் காய்ச்சுகிறேன். தேங்காய் எண்ணெய், காஸ்டிக் சோடா, பிறகு சவர்க்காரத்தைப் பிரித்தெடுக்க உப்புக் கரைசல். அந்தக் கரைசலுக்கென்றே 200 லீற்றர் இரும்புத் தாங்கி ஒன்று இருக்கிறது. கட்டிகளில் செம்மஞ்சள் புள்ளி விழுகிறது என்று கடைக்கார அண்ணை இரண்டு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். எண்ணெயில்தான் குற்றம் என்று நான் ஒரு மாதமாக எண்ணெய்க்காரரோடு சண்டை. கடைசியில் பார்த்தால் தாங்கியின் கறள்தான் உப்புத் தண்ணீரோடு சேர்ந்து சவர்க்காரத்துக்குள் போயிருக்கிறது. கொஞ்ச இரும்பு கலந்தாலே போதும், கொழுப்பு சீக்கிரம் காறத் தொடங்கிவிடும்.

தாங்கியை மாற்றக் காசில்லை. அதனால் எபொக்சி என்கிற, இறுகிக் கடினமாகும் பெயின்ற். முதல் தடவை அடித்தது மூன்று மாதம்கூட நிற்கவில்லை, இரண்டாம் தடவை அடித்தது இன்னும் நிற்கிறது. வித்தியாசம் பெயின்றில் இல்லை, அதே கடையில் வாங்கிய அதே ரின்தான்.

எதற்குப் பூசுவது

எல்லாவற்றுக்கும் பூச வேண்டாம். காஸ்டிக் கரைசல் சாதாரண இரும்பை அரிக்காது, மேலே மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கி அதுவே காத்துக்கொள்ளும். ஆனால் செறிந்த காஸ்டிக்கை 50 பாகைக்கு மேல் சூடாக, வெல்டிங் போட்ட இரும்பில் நாட்கணக்கில் வைத்திருந்தால் வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு வரும், ஆறவிட்டு ஊற்றுங்கள். அலுமினியப் பாத்திரத்தைக் காஸ்டிக்குக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது: பாத்திரம் கரையும், கரையும்போது ஐதரசன் வாயு வரும், பக்கத்தில் அடுப்பு எரிந்தால் கதை முடிந்தது. நாகம் பூசிய தகரமும் அப்படித்தான், காஸ்டிக்கில் நாகம் கரைந்துவிடும்.

உப்புத் தாங்கிக்குத்தான் பூச்சு வேண்டும். கூடுதலாக அரிபடுவது அடிப்பக்கம் என்று நினைத்திருந்தேன். இல்லை. தண்ணீர் ஏறி இறங்குகிற கோட்டில்தான் மோசம், அங்கேதான் உப்பும் ஈரமும் காற்றும் மூன்றும் கிடைக்கின்றன. உள்ளே தண்ணீர் நல்ல செறிவான உப்பாக இருந்தால் அதில் ஒட்சிசன் குறைவு, கறள் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

கழுவுதல்: நான் விழுந்த இடம்

முதல் தடவை என்ன செய்தேன் என்றால் கம்பி பிறஷ் போட்டு, கிறைண்டரில் பளபளவென்று உரசி, கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவி, வெயிலில் காயவிட்டு, பெயின்ற் அடித்தேன். பார்க்கப் புதுத் தாங்கி மாதிரி. இரண்டாம் மாதமே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றைக் குத்திப் பார்த்தால் உள்ளே தண்ணீர்.

பெயின்றுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று கனநாள் யோசித்தேன். விஷயம் இதுதான். எந்தப் பெயின்றும் முழுக்கத் தண்ணீரைத் தடுக்காது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடும். அடியில் உப்பு ஒட்டியிருந்தால் அது அந்தத் தண்ணீரைப் பிடித்து இழுத்துச் சேர்க்கும், படலம் ஊதும், அதற்குக் கீழே கறள் ஆறுதலாக இருந்து வேலை பார்க்கும். என்னுடைய கிணறு கடலுக்குக் கிட்ட இருப்பதால் சவர்த் தண்ணீர். அதாவது உப்பைக் கழுவுகிறேன் என்று உப்பைப் பூசியிருக்கிறேன். தேத்தண்ணீருக்கு அந்தக் கிணற்றில் அள்ளாதவனுக்கு இது உறைக்க மூன்று மாதம் எடுத்தது.

சரியான ஒழுங்கு இது. முதலில் கழுவுங்கள், உரசுவதற்கு முன்னமே. உப்பு இருக்கும்போது பிறஷ் போட்டால் அது குழிகளுக்குள் அரைபட்டுப் போகும். பிறகு உரசுங்கள், குழியின் அடி தெரியுமட்டும். உரசின பிறகு திரும்பவும் கழுவ வேண்டும், ஏனென்றால் கறளுக்கு அடியில் ஒளிந்திருந்த உப்பு அப்போதுதான் வெளியே தெரியும். கடைசிக் கழுவலுக்கு மழைத் தண்ணீர், இல்லாவிட்டால் பற்றரிக்கு ஊற்றுகிற காய்ச்சி வடித்த தண்ணீர். நான் கோண்டாவில் பக்கத்துச் சொந்தக்காரர் வீட்டில் இரண்டு கான் நல்ல தண்ணீர் பிடித்துவந்து முன்கழுவல் செய்தேன், கடைசிக்கு ஐந்து லீற்றர் பற்றரித் தண்ணீர்.

உப்புப் போய்விட்டதா என்று பார்க்க ஒரு வழி. பொட்டாசியம் பெரிசயனைட்டுக் கரைசலில் வடிதாளை நனைத்துக் காயவைத்து, ஈரமாக்கிய இரும்பில் அழுத்திப் பிடித்தால் இரும்பு உப்பு மிச்சமிருக்கிற இடங்களில் நீலப் புள்ளி வரும். எனக்கு முதல் தடவை தாள் முழுக்க நீலம். மூன்றாம் கழுவலுக்குப் பிறகுதான் நீலம் இல்லாமல் வந்தது.

பெயின்ற்

காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். இரும்பின் வெப்பம் பனிபடுநிலையைவிட (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகையாவது கூட இருக்க வேண்டும், ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழைக்குள் இதைத் தொடவே வேண்டாம். கழுவிக் காய்ந்த அன்றே முதல் பூச்சு போய்விட வேண்டும், ஒரு இரவு விட்டால் மெல்லிய செம்மை படர்ந்துவிடும்.

இரண்டு ரின்னாக வந்து, கலந்து அடிக்கிற எபொக்சிதான் வாங்குங்கள். ஒற்றை ரின்னில் வருவதை எபொக்சி என்று சொல்லி விற்பார்கள், தாங்கியின் உட்புறத்துக்கு அதை நான் நம்பமாட்டேன். கலக்கும் அளவு ரின்னில் எழுதியிருக்கும். கண்மட்டத்துக்கு ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள், தின்னரைத் தாராளமாக விடாதீர்கள். வெல்டிங் கோடுகளுக்கும் விளிம்புகளுக்கும் முதலில் பிறஷால் தனியாக ஒரு பூச்சு. கூரான விளிம்பில் பெயின்ற் நிற்காது, அரத்தால் உருட்டிவிடுங்கள். பிறகு முழுவதுக்கும் இரண்டு பூச்சு, இரண்டும் வேறு வேறு நிறத்தில், விட்ட இடம் உடனே தெரியும். எல்லாம் சேர்ந்து தடிப்பு 250 மைக்ரோனுக்கு, அதாவது கால் மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது.

தாங்கிக்குள் தலையை விட்டு அடிக்கும்போது காற்றாடி ஒன்றைப் போடுங்கள், பக்கத்தில் ஆளும் நிற்கட்டும். நான் ஒருக்கால் தலைசுற்றி வெளியே வந்து படியில் குந்தியிருந்தேன்.

ஏழு நாள் காயவிட்டு, பிறகு மல்ரிமீற்றரின் ஒரு முனையை வெறும் இரும்பிலும் மற்றதை உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சிலும் பிடித்து மெல்ல நகர்த்தினேன். எங்கே மின்தடை திடீரென்று விழுகிறதோ அங்கே ஊசித்துளை. எனக்கு ஐந்து கிடைத்தன, நாலு வெல்டிங்கில்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்த ஒரு தம்பி, பூசிய தாங்கிக்கு ஸ்ரெயின்லெஸ் ஆணிகளைப் போட்டார், ஆணியைச் சுற்றி இரும்பு ஓட்டையாகிவிட்டது. இரண்டு உலோகம் உப்புத் தண்ணீரில் தொட்டால் தாழ்ந்தது, இங்கே இரும்பு, அரிபடும். இரும்பை மட்டும் பூசி ஸ்ரெயின்லெஸை வெறுமையாக விட்டால் இன்னும் மோசம், அரிப்பு முழுவதும் அந்த ஒரு ஊசித்துளைக்குள் குவியும். ஆணியையும் சேர்த்துப் பூசுங்கள், நடுவில் நைலோன் வளையம் போடுங்கள்.

இன்னொருவர் வெளுப்பு நீருக்கு 304 தாங்கி (304, 316 இரண்டும் ஸ்ரெயின்லெஸ் வகைகள்) வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம், ஊசிக்குழி விழும். 316 இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் இருப்பதால் உப்புக்குக் கொஞ்சம் தாங்கும், வெளுப்பு நீருக்கு அதுவும் சரிவராது. தடித்த பிளாஸ்ரிக் தாங்கி போதும், விலையும் குறைவு.

என்னுடைய தாங்கியில் இப்போது வால்வு பூட்டிய மரையோரம் மட்டும் கபிலக் கோடு ஒன்று தெரிகிறது. மரைக்குள் பெயின்ற் போகவில்லை. வருகிற சனிக்கிழமை கழற்றிப் பார்க்க வேண்டும், பற்றரித் தண்ணீர் இன்னும் ஒரு போத்தல் மிச்சமிருக்கிறது.