ஆக்சிஜன் சேம்பருக்குப் போகிறீர்களா? நான் செய்ததைச் செய்யாதீர்கள்

அழுத்தம் கூட்டிய கூண்டுக்குள் படுக்க வைத்துச் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிற சிகிச்சை, ஆறாத சுகர் புண்ணுக்கெல்லாம் தருவது, அதுதான் ஆக்சிஜன் சேம்பர். போன வாரம் அங்கே ரிவியூவுக்குப் போயிருந்தேன். எதிர் பெஞ்சில் முதல் சிட்டிங்குக்கு வந்த ஓர் அம்மா. தலை நிறைய தேங்காய் எண்ணெய், உடம்பில் நைலக்ஸ் புடவை, சுகர் மாத்திரை போட்டுவிட்டு ஒரு டம்ளர் காபியோடு கிளம்பி வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்த மகன் என்னிடம் கேட்டான்: "அங்கிள், வீட்டுப் பக்கத்துல ஒரு சென்டர்ல ஏற்கெனவே பன்னெண்டு சிட்டிங் எடுத்துட்டோம், அதையும் இதோட சேர்த்துப்பாங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷத்துக்கு முன் இதே கேள்வியை இதே வராந்தாவில் கேட்டவன் நான்.

நான் டாக்டர் இல்லை. பெரம்பூர்வாசி, இருபது வருஷ சுகர்க்காரன், 34 சிட்டிங் முடித்தவன், இடது காலில் சுண்டுவிரல் இல்லாதவன். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, லைட்டர் கூடாது என்பதையெல்லாம் டெக்னீஷியனே நூறு முறை சொல்வார், அதை விட்டுவிடுகிறேன்.

சேம்பர் என்று போர்டு இருந்தால் அது சேம்பர் ஆகிவிடாது

அக்னி நட்சத்திர நேரத்தில், மத்தியானம், கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் மூன்று சுற்று. சுகரால் காலில் உணர்ச்சி செத்துப்போன எனக்குக் கருங்கல் சுட்டதே தெரியவில்லை, வீட்டுக்கு வந்தபின் மனைவி பார்த்துத்தான் கொப்புளம் தெரிந்தது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, புண் ஆழமாகிக்கொண்டிருந்த சமயத்தில் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பினார்கள், ஆக்சிஜன் தெரபியில் சுகர் புண் ஆறும் என்று. செய்தி முழுப் பொய் இல்லை. நான் போன இடம்தான் பொய்.

நல்ல ஏசி, லாவண்டர் வாசனை. ரேட் கார்டில் முகப் பொலிவு, முடி வளர்ச்சி, ஆட்டிசம், சுகர் புண் எல்லாம் ஒரே பட்டியலில். அந்தக் கார்டைப் பார்த்ததும் எழுந்து வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஜிப் வைத்த பெரிய பை ஒன்றுக்குள் படுக்க வைத்தார்கள், பம்ப் ஓடியது, பை உப்பியது. காதுகூடச் சரியாக அடைக்கவில்லை. எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று வேறு பெருமைப்பட்டுக்கொண்டேன். 20 சிட்டிங், 60,000 ரூபாய், முன்பணமாக.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினார், அதை அப்படியே தருகிறேன். சென்னை கடல் மட்டத்தில் இருக்கிறது, இங்கே காற்றழுத்தத்தை 1 என்று வைத்துக்கொள்ள வேண்டும், காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அந்தப் பை 1.3 அழுத்தம் வரைதான் தாங்கும், உள்ளே அடைப்பது சாதாரணக் காற்று. 21-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 27. வார்டில் மூக்கில் குழாய் வைத்து நிமிஷத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் விடுகிறார்களே, அதிலேயே கிட்டத்தட்ட 28 சதவீதம் கிடைத்துவிடும். மூக்குக் குழாயை விடக் குறைவான ஒன்றுக்கு அறுபதாயிரம் கொடுத்திருக்கிறேன்.

உண்மையான சேம்பர் இரும்பிலோ தடித்த அக்ரிலிக்கிலோ கெட்டியாக இருக்கும். அழுத்தம் பெரும்பாலும் 2 முதல் 2.5 வரை, சுவாசிப்பது சுத்தமான ஆக்சிஜன். 2.4 அழுத்தம் என்று வைத்துக்கொண்டால் அந்தப் பையில் கிடைத்ததைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அது ஏன் முக்கியம் என்றால், ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் சாதாரணமாகவே கிட்டத்தட்ட நிரம்பித்தான் ஓடுகிறது. காலை நேரத்து 29சி பஸ் மாதிரி, சீட் காலி இல்லை. அழுத்தம் கூடும்போதுதான் ரத்தத்தின் நீர்ப் பகுதியில் ஆக்சிஜன் நேரடியாகக் கரைகிறது, அதாவது நின்றுகொண்டு வர இடம் கிடைக்கிறது. ஆம்ஸ்டர்டாம் சர்ஜன் போரமா 1960-ல் பன்றிகளின் ரத்தத்தை அநேகமாக முழுக்க எடுத்துவிட்டு, 3 அழுத்தத்தில் வெறும் கரைந்த ஆக்சிஜனிலேயே உயிரோடு வைத்துக் காட்டினார். ஜிப் பையில் இந்த வித்தை நடக்காது. அந்த மாதிரிப் பைகளுக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கொடுத்த அனுமதி, உயரமான மலையில் ஏறுகிறவர்களுக்கு வரும் நோய்க்குத்தான். ஆட்டிசத்துக்கு எந்தச் சேம்பரும் நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை என்றும் அதே நிர்வாகம் எச்சரித்திருக்கிறது.

பணம் போனது கூடப் பரவாயில்லை. ஆறு வாரம் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் கிருமி எலும்புக்குள் இறங்கி விரலை எடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருவது வேறு ஒன்று: அந்த ஆறு வாரத்தில் அங்கே ஒருவர்கூட என் காலுறையைக் கழற்றிப் புண்ணைப் பார்க்கவில்லை.

எனவே பணம் கட்டும் முன் வாயைத் திறந்து கேளுங்கள். எத்தனை ஏ.டி.ஏ. அழுத்தம் (மேலே சொன்ன 1.3, 2.4 எல்லாம் இந்தக் கணக்குதான்)? சுத்த ஆக்சிஜனா, காற்றா? சிட்டிங் நடக்கும்போது பொறுப்பு டாக்டர் கட்டிடத்தில் இருப்பாரா? "அதெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க சார்" என்று பதில் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் பையனிடமும் சொன்னேன்: பன்னிரண்டும் கணக்கில் வராது, தம்பி.

ரத்தம் போகாத காலுக்கு ஆக்சிஜன் மட்டும் எப்படிப் போகும்?

தெருக் குழாய் அடைத்திருந்தால் பூண்டி ஏரி நிரம்பி வழிந்தும் உங்கள் வீட்டில் தண்ணீர் வராது. முதலில் காலுக்கு டாப்ளர், அதாவது ரத்த ஓட்டம் பார்க்கிற ஸ்கேன். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் சேம்பர். அதே போல அழுகிய சதையை நீக்குவது, ஆன்டிபயாடிக், சுகர் கட்டுப்பாடு எதற்கும் இது மாற்று இல்லை. அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீடுகூட ஆழமான சுகர் புண்ணுக்கு, 30 நாள் முறையாகக் கவனித்தும் ஆறவில்லை என்றால்தான் இதற்குப் பணம் தருகிறது.

(திடீரென்று ஒரு காது கேட்காமல் போனவர்களுக்கும் சேம்பர் உண்டு, ஆனால் அவர்களுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. அவர்கள் அன்றைக்கே காது டாக்டரிடம் ஓட வேண்டும், அங்கே ஒவ்வொரு நாளும் கணக்கு.)

காதில் வீரம் காட்டுவது

அழுத்தம் ஏறும்போது விமானம் மீனம்பாக்கத்தில் இறங்குகிற மாதிரி காதடைக்கும். எச்சில் விழுங்குங்கள், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதுங்கள். வலி தொடங்கும்போதே சொல்லுங்கள், அழுத்தத்தை அங்கேயே நிறுத்துவார்கள். நான் பக்கத்துச் சேம்பரில் இருந்த சின்னப் பையன் முன்னால் கௌரவம் பார்த்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், செவிப்பறையில் ரத்தம் கட்டி நாலு நாள் சிட்டிங் போயிற்று. சளி, மூக்கடைப்பு இருந்தால் போகும் முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

தலைக்கு எண்ணெய்

கூடாது. வாஸ்லின், சென்ட், நைலான், பாலியஸ்டர், மின்சாரத்தால் சூடாகும் எதுவும் கூடாது. பருத்தி மட்டும். இது சும்மா கெடுபிடி இல்லை: 1997-ல் இத்தாலியின் மிலான் நகரில் சேம்பர் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள், 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஐந்து வயதுக் குழந்தை.

வெறும் வயிறு

உள்ளே சுகர் இறங்கும். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் குத்திப் பாருங்கள். இன்சுலின் அளவை உங்கள் டாக்டரிடம் கேட்டு வையுங்கள். மயக்கம் வந்தாலும் கதவைச் சட்டென்று திறக்க முடியாது, அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கித்தான் திறப்பார்கள்.

நெஞ்சு சம்பந்தமாக மறைப்பது

பழைய டி.பி., ஆஸ்துமா, நுரையீரலில் காற்றுக் குமிழி, எப்போதாவது நுரையீரல் சுருங்கி ட்யூப் போட்டது, புற்றுநோய்க்கு ப்ளியோமைசின் என்ற மருந்து போட்டது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வரவில்லை, மறைப்பதற்கு.

புது மூக்குக்கண்ணாடி

வாங்காதீர்கள். கிட்டப்பார்வை தற்காலிகமாகக் கூடும், சிகிச்சை முடிந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ பழையபடி ஆகிவிடும். நான் வாங்கினேன், 4,200 ரூபாய், டிராயரில் இருக்கிறது.

பீடி, சிகரெட்

விட முடியாது என்றால் சேம்பர் பணத்தையாவது மிச்சம் பிடியுங்கள்.

நடுவில் விடுவது, நடப்பது

சுகர் புண்ணுக்கு 30, 40 சிட்டிங் என்பார்கள், வாரம் ஐந்து நாள், தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். பத்தில் கொஞ்சம் ஆறியது தெரிந்ததும் ஊர்க் கல்யாணத்துக்குப் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 2018-ல் நெதர்லாந்தில் 120 பேரை வைத்து வெளியான ஆய்வில், காலைக் காப்பாற்றுவதில் சேம்பரால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றுதான் முடிவு வந்தது. ஆனால் சேம்பருக்கு ஒதுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதை முழுசாக முடிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டு, உங்கள் கேஸுக்கு இது உதவுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். பாதி வழியில் அளந்து பார்த்து, புண் கொஞ்சமும் சுருங்கவில்லை என்றால் தொடர்வதா நிறுத்துவதா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. உள்ளே இரண்டு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, வெளியே வந்து அதே புண் மேல் நின்று பஸ் பிடித்தால் என்ன பிரயோஜனம்? நான் முதல் வாரம் முழுக்க அதைத்தான் செய்தேன். டிரெஸ்ஸிங் ரூம் சிஸ்டர்தான் ஒரு நாள் ரத்தம் ஊறிய கட்டைப் பார்த்துத் திட்டி, புண் மேல் பாரம் விழாத செருப்பு எங்கே செய்கிறார்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஆட்டோ.