ராஜபாளையம் குட்டி வாங்கப் போகிறீர்களா? முதலில் காதைச் சோதியுங்கள்

ராஜபாளையம் நாய்க்குட்டி வாங்க வருபவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பால்வெள்ளையா, மூக்கு ரோஸ் நிறமா, கண் பொன்னிறமா என்று பார்த்து, காதோரம் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தாலும் அந்தக் குட்டியை ஒதுக்கிவிடுவார்கள். அந்த வெள்ளையோடு கூடவே வரக்கூடிய குறையைக் கவனிப்பவர்கள் குறைவு. அந்தக் குறை காது கேளாமை.

தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற செல்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். அங்கே அவை இல்லாமல் போனால், ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே பட்டுப்போகும். பிறகு அவை திரும்ப முளைப்பதில்லை, மருந்தும் கிடையாது. வெள்ளைக்கு வெள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வந்த இனம் என்பதால் ராஜபாளையத்தில் இந்தக் குறை அடிக்கடி வருகிறது. ஆகவே அழகு, விலை, பேப்பர் (பதிவுச் சான்றிதழ்) எல்லாவற்றுக்கும் முன்னால் காதைச் சோதித்துவிடுங்கள்.

போனில் கேட்க வேண்டியவை

குட்டி பிறந்த தேதி என்ன, தாய்க்கு இது எத்தனையாவது ஈத்து, தாய் அங்கேயே இருக்கிறதா, குடற்பூச்சி மருந்து எந்தெந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். தேதியை யோசிக்காமல் சொல்பவர் கணக்கு வைத்திருக்கிறார் என்று பொருள். "நாற்பது நாள் இருக்கும்" என்று இழுப்பவரிடம் அவசரப்பட வேண்டாம்.

8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கைக்கு விடக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. பிரீடர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். நடப்பில் 30 நாள் குட்டியையும் கையில் கொடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சட்டத்தை விடுங்கள், நமக்கே அதில் நட்டம்தான். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்பதைக் குட்டி தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரிந்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளைகளின் கையில் படிக்கும்.

ஒரே வீட்டில் அண்ணன் தங்கையைச் சேர்த்தார்களா என்றும் கேட்டுவிடுங்கள். நாட்டு இனங்களில் நல்ல நாய்கள் சில கைகளிலேயே சுற்றுவதால் இது நடக்கிறது.

நேரில் போகும்போது

குட்டிகள் தின்றுவிட்டுத் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். இரண்டு காரணம். தூங்கும்போது காதைச் சோதிக்கலாம். விழித்த பிறகு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விளையாட்டையும் பார்க்கலாம். பத்து நிமிடத்தில் குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் வேலை இது இல்லை.

காதுச் சோதனையில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்தான். எல்லாக் குட்டிகளும் சேர்ந்திருக்கும்போது கை தட்டினால், கேட்கும் குட்டி எழும். கேட்காத குட்டி அதன் அசைவில் எழும். பார்ப்பவருக்கு எல்லாமே கேட்பது போலத் தோன்றும். எனவே நீங்கள் தேர்ந்த குட்டியைத் தனி அறையில் விடுங்கள். அது வேறு எதையாவது முகர்ந்துகொண்டிருக்கும்போது, பின்னால் ஆறேழு அடி தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். உங்கள் நிழல் அதன் மேல் விழக் கூடாது, தரையைக் காலால் தட்டக் கூடாது, கை வீசுகிற காற்று படக் கூடாது. நாய் அதிர்வையும் காற்றையும் நன்றாக உணரும். சிறிது இடைவெளி விட்டு வலப்பக்கம் ஒரு முறை, இடப்பக்கம் ஒரு முறை, வாயால் உச்சுக்கொட்டி ஒரு முறை என்று செய்து பாருங்கள். காது விறைத்தாலோ தலை திரும்பினாலோ போதும். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினால் கேட்கும் குட்டியும் சலித்து விட்டுவிடும்.

குட்டிக்கு 6 வாரம் ஆன பிறகு செய்யும் சோதனையைத்தான் நம்பலாம். இதிலும் ஒரு காது மட்டும் கேளாத குட்டி தப்பிவிடும். அதை உறுதியாகக் காட்டுவது பி.ஏ.இ.ஆர். என்ற மின்அலைச் சோதனை மட்டுமே. எல்லா மருத்துவமனையிலும் அந்தக் கருவி இருக்காது. கூடுதல் அடையாளம் ஒன்று: நீலக் கண்ணுள்ள வெள்ளை நாய்களில் செவிட்டுத்தன்மை அதிகம். சின்னக் குட்டிகளுக்கெல்லாம் கண் சற்று நீலம் பாய்ந்துதான் இருக்கும். எட்டு வாரத்துக்கு மேலும் வெளிர்நீலமாக நிற்கும் கண்ணை மட்டும் சந்தேகப்படுங்கள்.

அடுத்து தாய். ராஜபாளையம் தாய் உங்களைப் பார்த்துக் குரைக்கத்தான் செய்யும். காவலுக்கு நின்ற இனம், அது குறையல்ல. உடையவர் கையில் பிடித்ததும் அடங்குகிறதா என்று பாருங்கள். வாலை ஒடுக்கி மூலையில் பதுங்கினாலோ, உடையவர் கையையே கவ்வினாலோ அந்த ஈத்தே வேண்டாம். பால் கொடுத்த தாய் மெலிந்திருப்பது இயல்பு. "தாய் தோட்டத்தில் இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாம்" என்றால் அந்த இன்னொரு நாளிலேயே பணத்தையும் கொடுங்கள். கிடா, அதாவது தந்தை நாய், பெரும்பாலும் வேறு வீட்டினுடையதாக இருக்கும். முகவரி கேட்டு முடிந்தால் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் வீடியோ காலிலாவது பாருங்கள்.

கலப்பு இருக்கிறதா என்பதைக் குட்டியை வைத்துச் சொல்வது கடினம், தாய் தந்தையை வைத்துச் சொல்லிவிடலாம். ராஜபாளையம் உயரமும் இறுகிய உடலும் கொண்டது. மார்பு ஆழமாக இறங்கி, வயிறு மேலேறி இருக்கும். காது தொங்கும், முகம் நீளம். கழுத்தில் தோல் மடிந்து தொங்குவது, நெற்றியில் சுருக்கம், கனத்த தாடை, கறுத்த உதடு, கறுப்பு மூக்கு இவையெல்லாம் கிரேட் டேன், புல்லி போன்ற வேற்று ரத்தத்தின் அடையாளங்களாக இருக்கலாம். "எலும்பு கனம்" என்று புகழ்ந்து விற்கப்படும் குட்டிகளில் இதைப் பார்க்கலாம்.

இனி குட்டியின் உடம்பு. ரோஸ் தோல் என்பதால் இந்த இனத்தில் எதுவும் மறையாது. வயிற்றிலும் தொடை இடுக்கிலும் சீழ்க்கொப்புளம் உண்டா, விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் உண்ணி உண்டா என்று பாருங்கள். உடம்பு ஒட்டி வயிறு மட்டும் பானை போல இருந்தால் பூச்சி. தொப்புளில் மெத்தென்ற உருண்டை இருந்தால் குடலிறக்கம். சின்னதென்றால் பயமில்லை, விலை பேசும்போது சொல்லுங்கள். ஆண் குட்டிக்கு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். முன்னங்கால் வில்லாக வளைந்திருக்கக் கூடாது. பிறகு தரையைப் பாருங்கள். கிடக்கும் மலம், பிரீடர் சொல்லாததையும் சொல்லும்.

பேப்பரும் பணமும்

கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் பதிவு இருந்தால், தாய், தந்தை இரண்டின் சான்றிதழையும் கேளுங்கள். அதிலுள்ள 15 இலக்க மைக்ரோசிப் எண்ணை ஸ்கேனர் வைத்துத் தாயின் உடம்பில் சரிபாருங்கள். "பேப்பர் அப்புறம் அனுப்புகிறோம்" என்றால் பேப்பர் இல்லாத குட்டியின் விலையைப் பேசுங்கள். பேப்பர் இல்லாத நல்ல நாய்கள் விருதுநகர், தென்காசிப் பக்கம் நிறைய இருக்கின்றன. பேப்பர் உள்ள செவிட்டு நாய்களும் இருக்கின்றன.

தடுப்பூசி கார்டில் தேதி மட்டும் எழுதியிருந்தால் போதாது. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் நம் மருத்துவர் பார்த்து, செவிடு என்றோ பெருங்குறை என்றோ சொன்னால் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குச் சம்மதிக்கிறாரா என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பார்வோ நோயைப் பற்றி ஒரு கணக்கு. வைரஸ் உள்ளே போய்ப் பெரும்பாலும் 3 முதல் 7 நாளில் வாந்தியும் ரத்தபேதியும் தொடங்கும். வந்த இரண்டாம் நாளே படுத்தால் அது அங்கிருந்து வந்தது. இரண்டு வாரம் கழித்துப் படுத்தால் உங்கள் தெருவிலோ வீட்டிலோ வாங்கியது. உங்கள் வீட்டில் முன்பு ஒரு நாய் பார்வோவில் இறந்திருந்தால், சோப்புப் போட்டுக் கழுவிய தரையில் 30 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு பிளீச் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரையில் இது பலிக்காது. அங்கே வைரஸ் ஓராண்டு வரைகூடக் கிடக்கும். தடுப்பூசிகள் முழுவதும் முடியும்வரை குட்டி அந்த மண்ணை மிதிக்க வேண்டாம்.

கொண்டுவரும் வழியும் முதல் இரவும்

கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு கடைசித் தீனி. கார்தான் நல்லது. ரயிலில் கார்டு பெட்டியின் கூண்டு எட்டு வாரக் குட்டிக்கு ஏற்ற இடமில்லை. அட்டைப்பெட்டியில் செய்தித்தாள் விரித்து, தாய் படுத்த சாக்கிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கிப் போடுங்கள். இரண்டு மணிக்கொரு முறை நிறுத்தி நீர் காட்டுங்கள். டீக்கடை வாசலில் இறக்கிவிடாதீர்கள். பத்து ஊர் நாய் முகர்ந்த இடம் அது.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சிறுநீர் கழிக்க நீங்கள் ஒதுக்கிய இடத்தில் இறக்குங்கள். பிறகு தண்ணீர். உறவினரும் பக்கத்து வீட்டாரும் பார்க்க வருவதை மூன்று நாள் தள்ளிப்போடுங்கள்.

முதல் இரவு அழும். கேட்டருகே சங்கிலியில் கட்டிப்போட்டு "பழகட்டும்" என்று விடுவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. அதுவரை ஏழெட்டு உடல்களின் சூட்டில் தூங்கிய குட்டி அது. பெட்டியை நீங்கள் படுக்கும் இடத்தருகே வைத்து, அழும்போது கையை மட்டும் உள்ளே நீட்டுங்கள். தூக்கி மடியில் போட வேண்டாம். நள்ளிரவிலும் விடிகாலையிலும் ஒரு முறை வெளியே எடுத்துப் போங்கள். மூன்று, நான்கு இரவில் அடங்கும். அதன்பின் நாளுக்கு ஓரடியாகப் பெட்டியை அது நிரந்தரமாகத் தூங்க வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள்.

தீனி

முதல் வாரம் பிரீடர் கொடுத்ததையே கொடுங்கள், அது கேழ்வரகுக் கூழாக இருந்தாலும் சரி. இடமும் மாறி தீனியும் மாறினால் பேதி போகும், அது பார்வோவா சாதாரணமா என்று தெரியாமல் நீங்கள் தவிப்பீர்கள். அடுத்த வாரம் நாளுக்குக் கொஞ்சமாகப் புதியதைக் கூட்டுங்கள். 3 மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று, அதன்பின் இரண்டு. தட்டை கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

பசும்பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும். தயிர் தாங்கும். சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் கால் வளையும், அதுவும் உயரமாக வளரும் இந்த இனத்தில் சீக்கிரம் தெரியும். அதற்காகப் பெரிய இனக் குட்டிக்கான பாக்கெட் தீனியோடு கால்சியம் சிரப்பையும் சேர்த்துக் கொடுப்பதும் எலும்பைக் கெடுக்கும். பாக்கெட் தீனியென்றால் சிரப் வேண்டாம். வீட்டுச் சாப்பாடென்றால் அளவை மருத்துவர் சொல்லட்டும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், வெந்த எலும்பு எதுவும் கூடாது. குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றில் வெங்காயமும் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

ஊசி, பூச்சி மருந்து, உண்ணி

கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3-4 வார இடைவெளியில் 16 வாரம் வரை. ஒரே ஊசி போதாதா என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டிக்குள் இருக்கும்வரை ஊசியின் வேலையை அது தடுக்கும். அது எந்த வாரம் தீரும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறோம். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில். பூச்சி மருந்து 3 மாதம் வரை இரண்டு வாரத்துக்கொரு முறை, பிறகு 6 மாதம் வரை மாதமொரு முறை, எடை போட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

உண்ணி மருந்துகள் பலவற்றை 8 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கோ 2 கிலோவுக்குக் குறைந்ததற்கோ போடக் கூடாது. அட்டையில் உள்ள வயதையும் எடையையும் படியுங்கள். அதுவரை தினமும் சாமணத்தால் பிடுங்குவதுதான் வழி. மாட்டுக்கு வாங்கிய மருந்தைத் தண்ணீரில் கலந்து தேய்ப்பது குட்டியைக் கொன்றுவிடும். வெயிலும் இந்த வெள்ளைத் தோலுக்கு ஆகாது. காலை 11 முதல் மாலை 4 வரை நிழலிலேயே இருக்கட்டும்; மூக்கும் காது நுனியும் முதலில் வெந்துபோகும்.

குட்டியின் பல் பட்டு ரத்தம் வந்தால், "நம்ம குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். வெறிநோய் ஊசி இன்னும் போடாத வயது அது.

பழக்குதல்

ராஜபாளையம் ஓர் ஆளிடம் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவைக்கும் இயல்புடையது. 14 வாரத்துக்குள் பார்த்த மனிதர்களை, ஒலிகளை, விலங்குகளை அது உலகின் பகுதியாக ஏற்றுக்கொள்ளும். பிறகு வருவதையெல்லாம் சந்தேகிக்கும். ஆனால் அந்த வாரங்களில் தடுப்பூசியும் முடிந்திருக்காது. இதற்கு வழி, தரையில் விடாமல் தூக்கிக்கொண்டு போவதுதான். கடைத்தெரு, ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடி ஊன்றும் பெரியவர், சைக்கிள் மணி, கோழி, பூனை, மாடு எல்லாம் பத்தடி தூரத்திலிருந்து பார்க்கட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் கையால் ஒரு துண்டு கறி வாங்கித் தின்ற குட்டி, வளர்ந்த பின் அவரைக் கடிக்க ஓடாது.

மூன்று நான்கு வாரம் கழித்துக் காதை இன்னொரு முறை சோதியுங்கள். தோட்டத்தில் ஒளிந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால், கேட்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியாமல் சுற்றுகிறதா? எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புகிறதா? ஒரு காது இல்லை என்று கொள்ளலாம். காவலுக்கும் துணைக்கும் அதனால் குறைவில்லை, கை சைகையையும் சேர்த்துப் பழக்குங்கள். ஆனால் ஒன்றரை வயதில் யாராவது சேர்க்கைக்குக் கேட்டு வருவார்கள், நாய் எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் விடாதீர்கள்.