அம்மாவுக்கு ஒரு நினைவு மலர்: வீட்டிலேயே செய்வது எப்படி?

போன வருஷம் அம்மாவின் முதல் திவசத்துக்கு 24 பக்கத்தில் ஒரு நினைவு மலர் போட்டேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வீட்டு மேசையில் வைத்து நானே செய்தது. "எங்க அம்மாவுக்கும் செய்யணும், சொல்லிக் கொடுங்க" என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டதால் இந்தப் பதிவு.

முதல் படி: படங்களைச் சேர்ப்பது

புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீர்கள், படத்தைச் சுருக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டும் ஆல்பத்தில் இருக்கும் பழைய படத்தைப் பிய்க்கவே கூடாது. பல் இடுக்கில் விடும் நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்து எடுங்கள். வரவில்லையா, ஆல்பத்தோடே ஸ்கேன் செய்யுங்கள். சின்னப் படங்களுக்கு ஸ்கேன் துல்லியம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). கைப்பேசிச் செயலிகள் எனக்குப் பிடிக்கவில்லை. பளபளப்புத் தாளில் விளக்கு வெளிச்சம் அடித்து, அம்மாவின் முகத்திலேயே வெள்ளைப் புள்ளி விழுந்தது.

இரண்டாம் படி: வருஷம் கண்டுபிடிப்பது

நான் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டது இங்கேதான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். பிறகு ஆயக்கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) பிள்ளை பார்த்தார், பட்டர்வொர்த் வந்து இடியப்பம் விற்றார், கடைசியில் தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்தார். எது எப்போது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஐசியில் (அடையாள அட்டை) பிறந்த வருஷம் 1943. அதுவும் தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) உத்தேசமாக எழுதியது.

பெரியம்மாவிடம் ஒரு படத்தைக் காட்டி, "பெரிம்மா, இது எந்த வருஷம்?" என்றேன்.

"அதெல்லாம் எவளுக்குடி தெரியும்?"

பத்துப் படத்துக்கும் இதே பதில். அலுத்துப்போய், "இதுல அக்கா அம்மா வயித்துல இருந்தாளா?" என்று கேட்டேன்.

"ம்ஹூம். இது உங்க அக்காவுக்குத் தண்ணீர்மலையில முடி எறக்குன அன்னிக்குக் கட்டுன சீலைல்ல?"

அக்கா பிறந்தது 1962. தண்ணீர்மலை முருகன் கோயிலில் முடி இறக்கியது அடுத்த தைப்பூசத்தில். படம் 1963!

அன்றோடு வருஷம் கேட்பதை விட்டேன். யார் கைக்குழந்தை, யார் கல்யாணத்துக்கு முன்னால், எந்தச் சேலை என்று மட்டும் கேட்டேன். பெரியம்மா ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார். "பினாங்குல ஜப்பான்காரன் குண்டு போட்டான்னு சேதி வந்தப்ப உங்கம்மா இப்பத்தான் குப்புற விழுறா" என்றார். பினாங்கில் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 11. நாலைந்து மாதத்தில்தானே பிள்ளை குப்புற விழும்? அப்படியானால் அம்மா பிறந்தது 1941 ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். ஐசியைவிட இரண்டு வயது மூத்தவர். பென்ஷன் வயதுக்குப் பிறகும் இரண்டு வருஷம் கூடுதலாக உழைத்திருக்கிறார், பாவம்.

வீட்டில் இப்படியொரு பெரியம்மா இல்லாதவர்கள் ஊர் சம்பவங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1957 மெர்டேக்கா (சுதந்திரம்), 1969 ஊரடங்கு, 1985இல் பினாங்குப் பாலம். பினாங்குத் தீவிலிருந்த அந்தக் கேண்டீன் வேலைக்கு அம்மா ஃபெர்ரி ஏறிப் போனது எனக்கே நினைவிருக்கிறது. அப்படியென்றால் அந்த வேலை பாலத்துக்கு முந்தியதாக இருக்கலாம். பாலம் வந்த பிறகும் ஃபெர்ரி ஓடியதால் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஒன்று சொல்கிறேன், பேச்சைப் பதிவு செய்யுங்கள். ஆனால் கைப்பேசியை முகத்துக்கு நேரே நீட்டினால் பெரியவர்கள் மேடைத் தமிழுக்குப் போய்விடுவார்கள். பசியாறும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, பதிவாகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: தட்டச்சும் அச்சும்

யூனிகோடில் அடியுங்கள், பழைய எழுத்துருக்கள் வேண்டாம். என்னிடம் மேக் இருப்பதால் இணைமதி எழுத்துரு, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கியது. விண்டோஸ் என்றால் நிர்மலா போதும். லதா எனக்கு ஒல்லியாகத் தெரிகிறது.

வேர்ட் கோப்பைக் கடையில் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். மாதிரித் தாளில் எல்லாக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. தமிழ் தெரியாத மென்பொருள் அந்த வரிசையிலேயே அச்சடித்துவிடும். பிடிஎஃப் ஆக்கி, எழுத்துரு உள்ளே பதிந்திருக்கிறதா என்று பார்த்துக் கொடுங்கள். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

பிற்சேர்க்கை: ஐசி எண்ணின் நடுவில் இருக்கும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் காட்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பினாங்கு என்றால் 07, கெடா என்றால் 02. அம்மாவின் ஐசியை எடுத்துப் பார்த்தேன். 02. பெரியம்மாவுக்குப் போன் போட்டால், "ஆமா, கூலிம் பக்கத்துத் தோட்டம். நீ கேக்கவே இல்லியே?" என்கிறார். அச்சடித்த 60 பிரதியிலும் முதல் பக்கத்தில் 'பிறையில் பிறந்தார்' என்று இருக்கிறது (பிறை பினாங்கு மாநிலத்து ஊர்). கையில் மிச்சமிருந்த பதினோரு பிரதியைப் பேனாவால் திருத்திவிட்டேன். மற்றவற்றுக்கு ஒரு சின்னச் சீட்டு அடித்துக்கொண்டிருக்கிறேன்.